பூப்பாட்டியின் ஸ்வெட்டர்: கடையில் வாங்காமல் ஏன் பின்னினோம்?

 

திருக்கேதார யாத்திரைப் படங்களை நம்ம பக்கத்தில் போட்ட நாளிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "பூப்பாட்டி போட்டிருக்கிற அந்தக் கலர் கலர் ஸ்வெட்டர் எந்தக் கடையில வாங்கினது?" கடையில் வாங்கியது இல்லை. கோயில் தொண்டூழியத்தில் இருக்கும் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பின்னியது. இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிட்டது: "80 வெள்ளி கொடுத்தா பசார்ல நல்ல ஸ்வெட்டர் கிடைக்குமே. இந்த வெயில் நாட்டுல உக்காந்து ஆறு ஏழு மாசம் கம்பளி பின்னணுமா?"

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். பசியாறிட்டு நிதானமா படிங்க.

பூப்பாட்டியைப் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அர்த்த மண்டபத்துக்கு இடது பக்கம், குழாயடிக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்களே, அவர்கள்தான். வயது 74. முப்பது வருடத்துக்கு மேலாக நம்ம சாமிகளுக்கு மாலை கட்டுகிறார்கள். அதற்கு முன்னால் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். காலையில் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியை மாட்டி, வலது தோளில் வைத்துத் தூக்கி வந்த உடம்பு. அந்த வலது தோள் இன்றைக்கும் இடது தோளை விட இரண்டு சென்டிமீட்டர் இறங்கித்தான் இருக்கிறது. முதுகில் கூன் விழுந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. விரல்கள் பூ கட்டிக் கட்டி வளைந்து நிற்கின்றன.

கேதாரம் போக வேண்டும் என்பது பாட்டியின் நெடுநாள் ஆசை. அது தமிழில் பாடல் பெற்ற தலம். சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். இருவருமே காளத்தியில் நின்றபடிதான் வடநாட்டுத் தலங்களைப் பாடினார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. நம்ம ஓதுவார் அந்தப் பதிகங்களைப் பாடும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே பூ கட்டியவர் பாட்டி. இந்த வருடம் பிள்ளைகள் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். டாக்டரும் சோதித்துப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார். நடக்க வேண்டாம், ஃபாட்டாவிலிருந்து ஹெலிகாப்டர் என்று முடிவானது. மிச்சம் இருந்தது குளிர். கேதாரநாத் 3,583 மீட்டர் உயரம். புரட்டாசிக் கடைசியில் இரவுக் குளிர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இறங்கும். நம்ம ஊரில் ஏர்கானை 24-ல் வைத்தாலே பாட்டி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள்.

ஸ்வெட்டர் வாங்கப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினோம். தலை வழியாக மாட்டுகிற எதையும் போட முடியவில்லை, கை தூக்க வராதே. முன்னால் பட்டன் வைத்ததைப் போட்டால் முதுகில் ஏறிக்கொண்டு இடுப்பு தெரிந்தது. பெரிய சைஸ் எடுத்தால் முதுகு மூடியது, ஆனால் தோள் வழிந்து கை விரலுக்குக் கீழே தொங்கியது. மூன்றாவது கடையில் கண்ணாடி முன்னால் நின்று பாட்டி சொன்னார்கள்: "விடுங்க பிள்ளைங்களா. சட்டை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் உடம்புதான் கோணலாப் போச்சு."

அந்த வார்த்தைதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

நம்ம கோயிலில் அலங்காரம் பார்த்திருப்பீங்க. நடராஜருக்கு ஒரு கால் தூக்கி இருக்கும். பிள்ளையாருக்கு வயிறு. உற்சவ அம்மனுக்கு இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து நிற்கும். வஸ்திரம் சேரவில்லை என்றால் மூர்த்தி சரியில்லை என்று யாராவது சொல்வோமா? வஸ்திரத்தை மடிக்கிறோம், கொசுவத்தைக் கூட்டுகிறோம், வேறு துணி எடுக்கிறோம். துணிதான் சாமியின் அளவுக்கு வர வேண்டும். முப்பது வருடமாக அந்தச் சாமிக்கு மாலை கட்டியவரிடம் மட்டும் "உன் உடம்பு சரியில்லை" என்று கடை கண்ணாடி சொல்லலாமா?

எங்கள் நாலு பேரில் ஒருவர் ஓய்வு பெற்ற தாதி. ஒருவர் தையல்காரர். ஒருவர் தமிழ்ப்பள்ளியில் கணக்கு ஆசிரியை. நாலாவது அக்கா, மகளின் பிரசவத்துக்காக அபர்டீன் போய் இரண்டு குளிர்காலம் இருந்து, அங்கே நிட்டிங் கற்றுக்கொண்டு வந்தவர். எங்கள் மூன்று பேருக்கும் அவர்தான் குரு. அபர்டீனில் இருந்துதான் ஷெட்லாந்து தீவுகளுக்குக் கப்பல் போகிறது. அதனால் அவர் கற்றதும் அந்தப் பக்கத்துப் பின்னல்தான்: ஃபேர் ஐல்.

ஃபேர் ஐல் என்பது ஒரு தீவின் பெயர். ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுக்கடலில் இருக்கிறது. நீளம் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஜனத்தொகை ஏறக்குறைய 50 பேர். 1588-ல் எல் கிரான் கிரிஃபோன் என்ற ஸ்பானியக் கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்தது. அந்த மாலுமிகள்தான் இந்தப் பூவேலையைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கப்பல் உடைந்தது உண்மை, மற்றதற்கு ஆதாரம் இல்லை. 1920-களில் பிரிட்டிஷ் இளவரசர் (பிறகு எட்டாம் எட்வர்டு) கோல்ஃப் விளையாட இந்த ஸ்வெட்டரைப் போட்டதும் உலகமெல்லாம் பிரபலமாகிவிட்டது.

ஆனால் பாட்டிக்குப் பிடித்தது இளவரசர் கதை இல்லை. ஷெட்லாந்துப் பெண்கள் முதுகில் கரிமண் கூடையைச் சுமந்து நடக்கும்போதே கையில் பின்னிக்கொண்டு போவார்களாம். ஊசியைத் தாங்க இடுப்பில் துளை போட்ட தோல் பெல்ட் ஒன்று கட்டியிருப்பார்கள். பின்னியதைக் கடைக்காரரிடம் கொடுத்தால் காசு கிடைக்காது. தேத்தண்ணித் தூளும் துணியும்தான் கிடைக்கும். இதைப் பற்றி 1872-ல் அரசாங்கமே விசாரணை வைத்தது. அக்கா இதைச் சொல்லச் சொல்ல, பாட்டி பூவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். "நம்ம தோட்டத்துக் கடைப் பற்று மாதிரியா? அங்கேயும் அதே கதைதானா?" என்றார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஃபேர் ஐல் முறையில் ஒரு சுற்றுக்கு இரண்டு நிறம்தான். ஒரு நிறம் முன்னால் பூவாக விழும்போது மற்றது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் துணி இரட்டைத் தடிமன். நடுவில் காற்று அடைபட்டு நிற்பதால் சூடு வெளியே போகாது. கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூடு கொடுக்கும். கேதாரத்து மூடுபனிக்கு இது முக்கியம். அழகுக்காக மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

சிலர் கேட்டார்கள்: கோயில் காரியத்துக்குப் போகும்போது ஆட்டு மயிர் உடுத்தலாமா? கம்பளி ஆசனத்தில் உட்கார்ந்து ஜபம் பண்ணுவது நம்மில் பழைய வழக்கம்தானே. ஆட்டைக் கொல்வதும் இல்லை, முடியைக் கத்தரிப்பதுதான். குருக்கள் ஐயாவிடம் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தோம்.

தைப்பூசம் முடிந்து பால்குடங்களைக் கழுவி அடுக்கிய மறுவாரம் அளவெடுத்தோம். கடைத் துணிக்கு மார்பளவு ஒன்று போதும், மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து ஊகித்துவிடுவார்கள். நாங்கள் பதினான்கு இடத்தில் அளந்தோம். நிமிர்ந்து நிற்கச் சொல்லவில்லை. பாட்டி எப்படி இருப்பார்களோ அப்படியே, பாயில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருக்கும்போதும் அளந்தோம், நிற்கும்போதும் அளந்தோம். மார்பு 88 செ.மீ. முதுகில் கழுத்தெலும்பிலிருந்து கூன் மேல் நாடாவைப் படியவிட்டு இடுப்பு வரை எடுத்தால், பேட்டர்னில் இருப்பதை விட 5 செ.மீ. கூடுதல். தோள் இரண்டுக்கும் 2 செ.மீ. வித்தியாசம். தாதி அக்காதான் நாடா பிடித்தவர். நாற்பது வருடம் நோயாளிகளைத் தொட்டுப் பழகிய கை. பாட்டிக்குக் கூச்சமே தெரியவில்லை.

அடுத்தது மாதிரித் துண்டு. இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. ஒவ்வொருவர் கைக்கும் இறுக்கம் வேறு. ஒரே நூல், ஒரே ஊசி, ஆனால் எங்கள் நாலு பேர் துண்டும் நாலு அளவு. சிவப்பு வெள்ளைப் பூவேலை போட்டால் வெறும் பின்னலை விட இறுகும். தட்டையாகப் பின்னினால் ஓர் அளவு, வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னினால் வேறு அளவு. அதனால் ஸ்வெட்டர் எப்படிப் பின்னப்போகிறோமோ அப்படியே துண்டையும் பின்னி, நனைத்து, காயவைத்த பிறகுதான் எண்ணினோம். உடம்புப் பகுதியை ஒரே ஆள் கையில்தான் பின்ன வேண்டும் என்று முடிவானது. அபர்டீன் அக்காவின் கை: 10 செ.மீ.க்கு 26 கண்ணி, 32 வரிசை. பேட்டர்னில் போட்டிருந்ததோ 28 கண்ணி. இரண்டே கண்ணிதானே என்று தோன்றும். ஆனால் 100 செ.மீ. சுற்றளவுக்கு 280 கண்ணி போடச் சொல்லும் பேட்டர்ன், நம்ம கையில் 107 செ.மீ.க்கு மேல் போய் நிற்கும்.

ஸ்டிச் என்பதைக் கண்ணி என்று நாங்கள் சொல்வதற்கும் பாட்டிதான் காரணம். பூ கட்டும்போது ஒரு முடிச்சுக்கு ஒரு கண்ணி என்பார்கள். அது அப்படியே எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

இனி டீச்சர் அக்காவின் கணக்கு. மார்பு 88. உள்ளே ரவிக்கையும் சூட்டு பனியனும் வரும், மேலே சேலையும் வரும். அதனால் 14 செ.மீ. தாராளம் வைத்து 102. அதில் முன் பட்டன் பட்டி 3 செ.மீ. போனால் 99. அதை 2.6-ஆல் பெருக்கினால் 257 கண்ணி. வெறும் ஒரு நிறமாக இருந்தால் கணக்கு இங்கேயே முடிந்தது. பூவேலையில் அப்படி முடியாது. பேட்டர்னில் இருந்த பெரிய பூ 24 கண்ணி அகலம். பத்துப் பூ வைத்தால் 240 கண்ணி, ஏழு சென்டிமீட்டர் குறையும். பதினொன்று வைத்தால் 264, மூன்று சென்டிமீட்டர் கூடும், தோள் பழையபடி வழியும். பூவைப் பாதியில் வெட்டவும் முடியாது.

டீச்சர் அக்கா கட்டம் போட்ட தாளோடு குழாயடியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது பாட்டி எட்டிப் பார்த்தார்கள். "என்னம்மா எண்ற?" விஷயத்தைச் சொன்னோம். பாட்டி சிரித்தார்கள். "மாலையிலயும் அப்படித்தானே. எட்டு மல்லி, ஒரு மரு, எட்டு மல்லி, ஒரு மரு. பிள்ளையாருக்கு நீளம் பத்தலைன்னா நடுவுல ரெண்டு மல்லியைச் செருவுவேனா? பார்க்க அசிங்கமா இருக்கும். கட்டையே சின்னதா மாத்திடுவேன். எட்டு எட்டா எண்ணுங்க."

எட்டு எட்டாக எண்ணினோம். 16 கண்ணியில் ஒரு பூ. 16 தடவை வந்தால் 256. இரண்டு ஓரமும் ஒரே மாதிரி முடிய ஒரு கண்ணி சேர்த்தால் 257. துல்லியமாக வந்து உட்கார்ந்தது. 24 கண்ணிப் பூவை எடுத்துவிட்டு, புள்ளி வைத்த கோலம் போல ஒரு வைரக் கட்டத்தை நாங்களே தாளில் வரைந்தோம். அதற்குக் கீழும் மேலும் 8 கண்ணியில் சின்னச் சின்ன வில்வ இலை வரிசை. வரையும்போது ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒரே நிறம் தொடர்ச்சியாக ஐந்து கண்ணிக்கு மேல் வரக் கூடாது. அதற்கு மேல் போனால் மற்ற நூல் உள்பக்கம் நீளமாகத் தொங்கும், கையை நுழைக்கும்போது பாட்டியின் வளைந்த விரல் அதில் மாட்டும்.

நிறங்கள் கோயில் நிறங்கள். அடித்தளம் கருநீலம். அதன் மேல் விபூதி வெள்ளை, குங்குமச் சிவப்பு, மஞ்சள், வில்வப் பச்சை. வாங்கிய நூல் உருண்டைகளை வரிசையாக வைத்து, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்ப்பது இதில் ஒரு வழக்கம். கண்ணுக்குப் பளிச்சென்று வேறாகத் தெரியும் சிவப்பும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், பின்னலிலும் தூரத்தில் இருந்து பார்க்கும்போது கலந்துவிடும். அதனால் பச்சையை இரண்டு படி அடர்த்தியாக எடுத்தோம். மொத்தம் 25 கிராம் உருண்டை 18. செலவு ஏறக்குறைய 450 வெள்ளி, நாலு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். கோயில் கணக்கில் ஒரு காசு இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

நம்ம ஊர் வேர்வையில் கம்பளி ஊசியில் வழுக்காது, ஒட்டிக்கொள்ளும். அதனால் சாயரட்சை முடிந்து, பிரசாதப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, மண்டபத்து ஏர்கான் அறையில் எட்டிலிருந்து பத்து மணி வரை. செவ்வாயும் வியாழனும். விசேஷ நாட்களில் கிடையாது.

முதுகுக்கு வருவோம். கூனுக்குக் கூடுதலாக வேண்டிய 5 செ.மீ.தான் இந்த ஸ்வெட்டரின் உயிர். நீளத்தைச் சுற்றிலும் கூட்டினால் முன்பக்கம் தொங்கிவிடும். முதுகில் மட்டும் கூட்ட வேண்டும். அதற்குக் குட்டை வரிசை என்று ஒரு வழி இருக்கிறது. முன்பக்கக் கண்ணிகளை ஊசியிலேயே சும்மா நிற்கவிட்டு, முதுகில் மட்டும் போய்த் திரும்பி, போய்த் திரும்பிப் பின்னுவது. ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையை விடச் சில கண்ணிக்கு முன்னாலேயே திரும்பிவிட வேண்டும். நடுவில் உயரமும் ஓரத்தில் ஒன்றுமில்லாமலும் துணி ஒரு பக்கம் உப்பி நிற்கும். குதிகால் வைத்த காலுறை இப்படித்தான் உருவாகிறது. 5 செ.மீ. என்றால் 16 வரிசை, அதாவது எட்டுத் தடவை போய் வர வேண்டும்.

ஆனால் பூவேலைக்கு நடுவில் இதைச் செய்தால் பூ உடைந்து போகும். அதனால் கூன் தொடங்கும் இடத்தில் பூவே இல்லாமல் கருநீலப் பட்டி ஒன்றை வரைபடத்திலேயே ஒதுக்கி வைத்திருந்தோம். குட்டை வரிசை முழுக்க அந்தப் பட்டிக்குள் அடங்கியது. முடித்து விரித்துப் பார்த்தால், இரண்டு பூ வரிசைக்கு நடுவில் கருநீலம் நடுவே தடித்து ஓரங்களில் மெலிந்து கிடந்தது. பாட்டி தடவிப் பார்த்துவிட்டு, "இது என்ன, பிறை மாதிரி?" என்று கேட்டார்கள். அதன் பிறகு நாங்களும் அதைப் பிறை என்றே சொல்கிறோம். இடது தோளுக்கு ஆறு வரிசை கூடுதல் வைத்தோம், காண்டா தூக்கிய தோளுக்கும் தூக்காத தோளுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்தது எல்லாரும் பயந்த நாள். இந்தப் பின்னல் குழாய் மாதிரி வட்டமாகவே மேலே போகும். கார்டிகன் ஆக வேண்டும் என்றால் பின்னி முடித்த பிறகு முன்பக்கத்தை நடுவில் மேலிருந்து கீழாகக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். அதற்கென்றே நடுவில் ஒன்பது கண்ணி அதிகமாகப் பின்னியிருப்போம். ஸ்டீக் என்று பெயர். ஷெட்லாந்துக் கம்பளி ஒன்றோடு ஒன்று பற்றிக்கொள்ளும், எளிதில் பிரிந்து ஓடாது. மெஷினில் துவைக்கலாம் என்று லேபிள் போட்ட வழவழப்பான நூலில் இதைச் செய்யாதீங்க, அது பிரிந்துவிடும். வெட்டுகிற கோட்டுக்கு இரண்டு பக்கமும் குரோஷே ஊசியால் கட்டி வைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து, கற்பூரம் ஒற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். நாலு மாத வேலை மேசையில் கிடக்கிறது. கத்தரிக்கோல் தையல்கார அக்கா கையில். ஆயிரம் ரவிக்கை வெட்டிய கை, அன்றைக்கு நின்றது. "பாட்டி, நீங்க பார்க்காதீங்க" என்றார். பாட்டி நகரவே இல்லை. "வெட்டும்மா. தொப்புள் கொடியை வெட்டாம பிள்ளை வெளியே வருமா?" வெட்டினார். ஒரு நூல்கூட ஓடவில்லை. கை வைக்கும் இரண்டு பக்கமும் அதே மாதிரி வெட்டினோம்.

கைகளைத் தோளிலிருந்து கண்ணி எடுத்துக் கீழே நோக்கிப் பின்னினோம். 88 கண்ணி, எட்டு எட்டாகப் பதினொரு வில்வ இலை. இப்படிப் பின்னினால் பாட்டிக்கு மாட்டிப் பார்த்து எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தலாம். பின்னாளில் மணிக்கட்டு தேய்ந்தால் அந்தப் பகுதியை மட்டும் பிரித்துத் திரும்பப் பின்னலாம். மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே நிறுத்தச் சொன்னார்கள் பாட்டி. "நாரு மாட்டும்." கேதாரத்திலும் பூ கட்டுகிற எண்ணம் என்று அப்போதுதான் புரிந்தது. பட்டன்கள் தேங்காய்ச் சிரட்டையில் செய்தவை, 2.5 செ.மீ. அகலம். வளைந்த விரலுக்குச் சின்னப் பட்டன் பிடிபடாது.

கடைசியில் நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, அன்னதானக் கூடத்து மேசையில் அளவுக்கு விரித்து, ஃபேன் போட்டோம். மழை நாளாகப் போனதால் காய மூன்று நாள் ஆனது. ஆடி மாதக் கடைசியில் ஏர்கானை 18-ல் வைத்துப் போட்டுப் பார்த்தோம். முதுகு மூடியது. முன்னால் தொங்கவில்லை. தோள் இரண்டும் தோளிலேயே நின்றன. பாட்டி கண்ணாடியில் ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. பட்டனை எல்லாம் தானே போட்டார்கள், தானே கழற்றினார்கள், திரும்பப் போட்டார்கள்.

யாத்திரையில் பாட்டியோடு போனவர் தாதி அக்கா. அவர் சொன்னதை இங்கே எழுதுகிறோம். கேதாரநாதர் மற்ற இடத்து லிங்கம் போல இல்லை. முக்கோணமாக, கரடுமுரடாக ஒரு பாறை. பாண்டவர்களுக்கு அகப்படாமல் இருக்கச் சிவபெருமான் காளை உருவம் எடுத்து மண்ணுக்குள் மறைந்தபோது, வெளியே நின்ற திமில்தான் அது என்பது தல வரலாறு. பாட்டி அந்தத் திமிலுக்கு முன்னால் உட்கார்ந்து நெய் தடவிக் கும்பிட்டார்கள். வெளியே வந்ததும் தாதி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்களாம்: "பார்த்தியா? அங்க சாமியே கூனாத்தான் உக்காந்திருக்காரு. அவருக்கு யாரும்மா அளவெடுத்துப் பின்னிக் கொடுத்தா?"

குளிர்காலத்தில் கோயில் நடை சாத்தி, உற்சவரை உக்கிமட்டுக்கு இறக்கிவிடுவார்கள் என்று அக்கா சொன்ன பிறகுதான் பாட்டிக்கு நிம்மதி.

ஊர் திரும்பியதும் ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். அடுத்த வருடம் யாத்திரை போகும் யாருக்காவது கொடுங்கள் என்றார்கள். நாங்கள் நாலு பேரும் முகத்தை முகம் பார்த்தோம். தையல்கார அக்காதான் சொன்னார்: "பாட்டி, இது வேற யாருக்கும் சேராது. முதுகு உப்பி நிக்கும், ஒரு தோள் ஏறி நிக்கும். உங்களுக்கு மட்டும்தான் இது."

பாட்டி கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: "லயத்துல அக்கா போட்டது எனக்கு, நான் போட்டது தங்கச்சிக்கு. கல்யாணச் சேலைகூட அத்தை கட்டினது. எனக்குன்னே அளவெடுத்தது இதுதான்மா." மடித்து மஞ்சள் பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

80 வெள்ளி ஸ்வெட்டர் ஏன் வாங்கவில்லை என்று கேட்டவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். எல்லாரும் பின்ன வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டில் வயதான அம்மா, ஆயா, தாத்தா இருந்தால், தீபாவளிக்குத் துணி எடுக்கும் முன்னால் ஒரு தடவை நாடா எடுத்து அளந்து பாருங்கள். நிமிர்ந்து நிற்கச் சொல்லாதீங்க, அவர்கள் எப்படி உட்காருவார்களோ அப்படியே அளங்கள். முதுகு நீளத்தை வளைவின் மேலேயே எடுங்கள். இரண்டு தோளையும் தனித்தனியாக அளங்கள். கை எவ்வளவு தூரம் தூக்க முடிகிறது, எந்தப் பட்டன் விரலில் பிடிபடுகிறது என்று கேளுங்கள். தைக்கிறவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் போதும், ரவிக்கையோ சட்டையோ சரியாக வரும்.

அடுத்த வருட யாத்திரைக்கு இரண்டு பெரியவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு இடது கை சரியாக வராது. கார்த்திகை தீபம் முடிந்து அளவெடுக்கிறோம். பின்னத் தெரிந்தவர்கள், கற்றுக்கொள்ள ஆசை உள்ளவர்கள் செவ்வாய் அல்லது வியாழன் இரவு எட்டு மணிக்கு மண்டபத்துக்கு வாங்க. ஊசி நாங்கள் தருகிறோம். பின்ன வராவிட்டாலும் பரவாயில்லை, நூலைச் சுற்றி உருண்டையாக்க எப்போதும் ஆள் வேண்டியிருக்கிறது. பாட்டியும் அங்கேதான் இருப்பார்கள், எங்கள் கண்ணியை எண்ணிக்கொண்டு.

திருச்சிற்றம்பலம்.

அன்புடன்,
தொண்டூழியக் குழுவின் பின்னல்கார அக்காமார்கள் நாலு பேர்